காற்றாலை ‘ஓவர்ஸ்பீட்’ காட்டி நிற்கிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

தமிழ்நாட்டில் காற்றாலைப் பண்ணை முதன்முதலில் 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் வந்தது. அடுத்து தொண்ணூறுகளில் ஆரல்வாய்மொழி கணவாய், முப்பந்தல், கயத்தாறு, அந்தப் பக்கம் பல்லடம், உடுமலை என்று வரிசையாக நட்டார்கள். அந்தக் காலத்து மிஷின்கள் பலவும் 200 முதல் 500 கிலோவாட் வரையிலானவை. இறக்கையின் கோணம் மாறாது, நுனியில் மட்டும் திரும்புகிற துண்டு இருக்கும். இந்தக் கட்டுரை அந்த ரக மிஷினைப் பார்த்துக்கொள்கிற டெக்னீஷியன்களுக்கும், மில்லுக்காக ஒன்றிரண்டு காற்றாலை வைத்திருக்கிற உரிமையாளர்களுக்கும். இறக்கை முழுவதும் திரும்பும் பிட்ச் மிஷினுக்கு இதில் பாதிதான் பொருந்தும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஓவர்ஸ்பீட் ஃபால்ட், அதாவது சுழலும் வேகம் எல்லை மீறியது என்று கன்ட்ரோலர் மிஷினை நிறுத்துவது, வந்ததும் காரணம் பார்க்காமல் ரீசெட் அடித்து ஓட்டுவது சீசன் நேரத்தில் பழக்கமாகிப் போயிருக்கிறது. ஆடிக் காற்றில் ஒரு மணி நேரம் நின்றாலும் யூனிட் போகிறதே என்ற கவலை புரிகிறது. ஆனாலும் மற்ற ஃபால்ட்டுக்கு ரீசெட் அடிக்கிற கையால் இதற்கு அடிக்கக் கூடாது. ஒவ்வொரு ஓவர்ஸ்பீடுக்கும் ஒரு காரணம் எழுதப்பட்டால்தான் மிஷின் மறுபடி சுற்ற வேண்டும்.

வேகத்தைப் பிடித்து வைத்திருப்பது எது?

இது தெரியாமல் கோளாறு தேடினால் தப்பான இடத்தில்தான் தேடுவோம். மிஷின் லைனில் இருக்கும்போது அதன் வேகத்தைப் பிடித்து வைத்திருப்பது பிரேக் இல்லை, மின்வாரியத்தின் லைன். நான்கு போல் இண்டக்‌ஷன் ஜெனரேட்டர் 50 ஹெர்ட்ஸில் 1500 ஆர்பிஎம்மில் வெறுமனே சுற்றும். முழு லோடில் 1515 பக்கம் போகும். காற்று எவ்வளவு தள்ளினாலும் லைன் அதற்கு மேல் விடாது.

காற்று கூடும்போது உற்பத்தி அளவு மீறாமல் பார்த்துக்கொள்வது ஸ்டால். காற்று இறக்கையின் முதுகை விட்டுப் பிரிந்துபோவதால் இறக்கையைச் சுற்றவைக்கும் பலம் தானாகக் குறையும். ஆனால் ஸ்டால் இப்படி வேலை செய்வது ரோட்டார் வேகம் மாறாமல் இருக்கிறவரைதான். லைன் போன அந்த நொடியில் ரோட்டாரின் (இறக்கைகள் சுற்றும் தொகுதி) வேகம் ஏறும், வேகம் ஏறினால் ஸ்டால் விலகும், ஸ்டால் விலகினால் காற்று இன்னும் பலமாகத் தள்ளும். ஒன்று மற்றொன்றை ஏற்றிவிடும். அந்த நேரத்துக்கென்றே வைத்ததுதான் டிப் பிரேக், அதாவது இறக்கை நுனியில் திரும்புகிற அந்தத் துண்டு. டென்மார்க்கின் கெட்சரில் யோஹானஸ் யூல் 1957-ல் நிறுவிய 200 கிலோவாட் காற்றாலையிலேயே இந்த இரண்டும் உண்டு: ஸ்டாலால் அடங்கும் இறக்கை, வேகம் மீறினால் திரும்பும் நுனி. நம் மிஷின்கள் அந்த வம்சம்.

டிப்பை உள்ளே இழுத்துப் பிடித்திருப்பது ஹைட்ராலிக் அழுத்தம். அழுத்தம் போனால் சுழற்சியின் வேகமே டிப்பை வெளியே தள்ளும். வெளியே வரும்போது ஷாஃப்டில் உள்ள சாய்ந்த பள்ளத்தில் நழுவி 90 டிகிரி அளவுக்குத் திரும்பி, காற்றுக்குக் குறுக்கே நிற்கும். அதாவது கரண்ட் போனாலும், எண்ணெய் கசிந்தாலும், ஹோஸ் அறுந்தாலும் டிப் வெளியேதான் வர வேண்டும். வெளியே வராமல் தடுக்கிற எதுவும் இந்த மிஷினில் முதல் தர ஆபத்து.

கணக்கையும் பார்த்துவிடுங்கள். 29 மீட்டர் ரோட்டார் நிமிடத்துக்கு 40 சுற்று சுற்றினால் நுனியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 60 மீட்டர், மணிக்கு 218 கிலோமீட்டர். அங்கே ஒரு கிலோ எடை, கிட்டத்தட்ட 26 கிலோ எடையின் பலத்தோடு வெளியே இழுக்கும். வேகம் 10 சதவீதம் கூடினால் இந்த இழுப்பு 21 சதவீதம் கூடும். ஒன்றரை மடங்கானால் இரண்டேகால் மடங்கு. இறக்கை வேரில் உள்ள போல்ட்டுகள் இதைத்தான் தாங்குகின்றன.

மேலே ஏறும் முன்

ரோட்டார் லாக் பின் போடாமல் ஹப்புக்குள் (இறக்கைகள் சேரும் நடுக்குடம்) தலையை விடக் கூடாது. மேனுவலில் போட்டிருக்கும் காற்று வரம்புக்கு மேல் பின்னை நம்பியும் உள்ளே போகக் கூடாது. பம்ப்பை நிறுத்தினாலும் அக்யுமுலேட்டரில் (நைட்ரஜன் துணையோடு எண்ணெய் அழுத்தத்தைச் சேமிக்கும் கலம்) அழுத்தம் உட்கார்ந்திருக்கும். கேஜ் பூஜ்யம் காட்டும்வரை வடித்த பிறகே ஃபிட்டிங்கில் ஸ்பேனர் வையுங்கள். தனியாக ஏறாதீர்கள். கீழே கிடைக்கிற செய்திகளை எல்லாம் வாங்கிய பிறகு மேலே போனால் பாதி ஏற்றம் மிச்சம்.

பலத்த காற்றே இல்லை, ஆனாலும் ஓவர்ஸ்பீட் காட்டுகிறது

கன்ட்ரோலர் பதிவில் இரண்டு எண்ணைப் பாருங்கள்: ரோட்டார் ஆர்பிஎம், ஜெனரேட்டர் ஆர்பிஎம். கியர் விகிதம் கியர்பாக்ஸின் பெயர்ப்பலகையில் இருக்கும். 1-க்கு 38 என்று வைத்துக்கொள்வோம். ரோட்டார் 39.5 என்றால் ஜெனரேட்டர் 1501 காட்ட வேண்டும். ஃபால்ட் வந்த நேரத்தில் ஒன்று 39.5-லேயே இருக்க மற்றொன்று 1700-க்குத் தாவியிருந்தால், பெரும்பாலும் சென்சார் கோளாறு.

மேலே போனதும் சென்சாரை மாற்றிவிட வேண்டாம், முதலில் பிராக்கெட்டை ஆட்டிப் பாருங்கள். அதிர்வில் லாக் நட்டு தளர்ந்து, சென்சார் முகத்துக்கும் அது எண்ணுகிற போல்ட் தலைக்கும் உள்ள இடைவெளி மாறியிருக்கும். சில மில்லிமீட்டர்தான் கணக்கு. ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள். இடைவெளி விளிம்பில் இருந்தால் ஒரே போல்ட்டைச் சென்சார் இரண்டு முறை எண்ணும், அல்லது சிலவற்றை விட்டுவிடும். பிரேக் பேடிலிருந்து உதிரும் இரும்புத்தூள் கிரீஸோடு சேர்ந்து சென்சார் முகத்தில் அப்பிக்கொள்வதும் நடக்கிறது. துடைத்தாலே சரியாகிவிடும்.

அது இல்லையென்றால் கேபிள். சென்சார் ஒயரின் ஷீல்டு எர்த்தில் ஒழுங்காகப் பிடித்திருக்கிறதா, அது பவர் கேபிளோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஜெனரேட்டரை மெல்ல லைனோடு சேர்க்கும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் வேலை செய்கிற நேரத்தில் மட்டும் பொய் எண் வந்தால் சந்தேகமே வேண்டாம், இரைச்சல் அந்த வழியாகத்தான் ஏறுகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை உண்டு. இரண்டு எண்ணும் பொருந்தவில்லை என்றால் உடனே ‘சென்சார்தான்’ என்று எழுதி மூடிவிடாதீர்கள். ரோட்டார் வேகம் ஏறி, ஜெனரேட்டர் வேகம் இறங்கியிருந்தால் அது நிஜமாகவும் இருக்கலாம். கப்ளிங் அறுந்தோ, கியரில் பல் போயோ இருந்தால் எண்கள் அப்படித்தான் வரும். அந்த நிலையில் வேகமான ஷாஃப்டில் உள்ள டிஸ்க் பிரேக்கால் ரோட்டாரைப் பிடிக்க முடியாமலே போகலாம். டிப் மட்டும்தான் காப்பாற்றும். டிப் வெளியே இருக்கும் நிலையில், லேசான காற்றில் ரோட்டார் சுற்றுகிறபோது ஜெனரேட்டர் ஷாஃப்டும் கூடவே சுற்றுகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே சென்சாரைக் குற்றம் சொல்லலாம்.

பீடர் ட்ரிப் ஆகும்போதெல்லாம் ஓவர்ஸ்பீட்

நம் ஊரில் ஓவர்ஸ்பீடின் தாய் இதுதான். சாரல் காற்று அடிக்கிறது, மிஷின் முழு லோடில் ஓடுகிறது, சப்ஸ்டேஷனில் பீடர் விழுகிறது, அதாவது பண்ணையை இணைக்கும் மின்வழி துண்டிக்கப்படுகிறது. அந்த நொடியில் 250 கிலோவாட்டைப் பிடித்திருந்த கை விட்டுப்போகிறது. அவ்வளவு சக்தியும் ரோட்டாரின் வேகமாக மாறும். ஓரிரு விநாடியிலேயே 10 சதவீதம் ஏறிவிடும். ஆகவே பீடர் விழும்போது வேகம் கொஞ்சம் துள்ளுவது இயல்பு. கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு துள்ளியது என்பது.

இதற்கு நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது ஒரு நோட்டு. ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு பக்கம். பீடர் விழுந்த தேதி, அப்போதிருந்த கிலோவாட், பதிவான உச்ச ஆர்பிஎம். மூன்றே பத்தி போதும். அதே 200 கிலோவாட்டில் பீடர் விழுந்து, மே மாதம் உச்சம் 1580 என்றும், ஜூலையில் 1610 என்றும், ஆகஸ்டில் 1640 என்றும் இருந்தால் ஃபால்ட் வராவிட்டாலும் டிப் தாமதமாகத் திறக்கிறது என்று அந்தப் பத்தியே சொல்லிவிடும். டிரிப் எல்லையைத் தொடும் நாளுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பண்ணை முழுவதும் ஒரே பீடரில் இருந்தால் இன்னும் வசதி: ஒரே நொடியில் பத்து மிஷினும் லோடை இழந்திருக்கும், அதில் எது மட்டும் அதிகம் துள்ளியது என்று பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்க்கலாம்.

தாமதத்துக்குக் காரணம் தேட இந்த வரிசையில் போங்கள். முதலில் சோலனாய்டு வால்வு: கரண்ட் போனதும் வால்வுக்குள் நகரும் ஸ்பூல் ஸ்பிரிங்கால் பின்னே வர வேண்டும். அழுக்கு எண்ணெயில் ஸ்பூல் ஒட்டிக்கொண்டு யோசித்து யோசித்து வரும். வால்வைக் கழற்றும் முன், கையில் ஒரு ஸ்டாப்வாட்சோடு அழுத்தம் இறங்கும் நேரத்தைக் கேஜில் பாருங்கள். நன்றாக ஓடுகிற இன்னொரு மிஷினோடு ஒப்பிடுங்கள். அடுத்து ரிட்டர்ன் பாதையில் உள்ள ஃபில்டரும், எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலும். டிப் மெதுவாக வரட்டும், ஹப்பில் அடி விழாமல் இருக்கட்டும் என்று யாரோ த்ராட்டிலை இறுக்கியிருப்பார்கள். மேனுவலில் உள்ள நேரத்துக்குத் திருப்பி வையுங்கள். பிறகு எண்ணெய்: நிறம் கறுத்திருந்தாலோ, பால் போல வெளுத்துத் தண்ணீர் சேர்ந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள், மேலே ஊற்றி நிரப்புவது போதாது.

ஹைட்ராலிக் பக்கம் எல்லாம் சுத்தம், அழுத்தம் சட்டென்று இறங்குகிறது, ஆனாலும் உச்ச வேகம் கூடுகிறது என்றால் கோளாறு இறக்கைக்குள். டிப் ஷாஃப்டின் புஷ் உலர்ந்திருக்கும் அல்லது கடல் காற்றின் உப்பில் பிடித்திருக்கும்.

இதோடு சேர்ந்த இன்னொரு அறிகுறி: பீடர் விழுந்தபோது கன்ட்ரோல் பேனலில் பல்பு, பவர் சப்ளை, வேரிஸ்டர் எரிந்துபோயிருப்பது. லைன் போன பிறகும் கெபாசிட்டர் பேங்க் ஜெனரேட்டரோடு சேர்ந்தே இருந்தால் ஜெனரேட்டர் தன்னைத்தானே தூண்டிக்கொண்டு வோல்டேஜ் உண்டாக்கும். வேகம் ஏற ஏற வோல்டேஜும் ஏறும். கெபாசிட்டர் கான்டாக்டரின் முனை ஒட்டிப்போயிருக்கிறதா பாருங்கள். கெபாசிட்டரைத் தொடும் முன் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டதா என்று மீட்டரில் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

ஸ்டார்ட் ஆகி லைனில் சேரும் நேரத்தில் வேகம் மீறுகிறது

காற்று வந்து, டிப் உள்ளே போய், ரோட்டார் வேகம் எடுத்து, 1500-ஐத் தொடும்போது தைரிஸ்டர்கள் மெல்லத் திறந்து ஜெனரேட்டரை லைனோடு சேர்க்க வேண்டும். அந்த நேரத்தில் 1500-ஐத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்து ஃபால்ட் அடித்தால் பிரேக்கைத் தேட வேண்டாம். லைன் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு ஃபேஸில் ஃபியூஸ் போயிருக்கும், ஒரு தைரிஸ்டர் திறக்காமல் இருக்கும், அல்லது கேட் ஒயர் தளர்ந்திருக்கும். சேரும் நேரத்தில் மூன்று ஃபேஸ் கரண்டையும் கிளாம்ப் மீட்டரில் பாருங்கள். ஒன்று மட்டும் இளைத்திருந்தால் விடை கிடைத்துவிட்டது.

சின்ன ஜெனரேட்டர், பெரிய ஜெனரேட்டர் என்று இரண்டு வேகம் உள்ள மிஷினில் 1000-லிருந்து 1500-க்கு மாறும்போது மட்டும் இது நடக்கும். மாறும் நேரத்தில் சிறிது இடைவெளிக்கு மிஷினை யாரும் பிடித்திருக்க மாட்டார்கள். கான்டாக்டர் காயில் சோம்பலாக இருந்தால் அந்த இடைவெளி நீளும். காற்று குத்துக் குத்தாக வரும் மத்தியான வேளையில்தான் இது அதிகம் வெளிப்படும்.

விசில் சத்தம், உற்பத்தி குறைவு, பம்ப் அடிக்கடி ஓடுகிறது

இந்த அறிகுறியை முதலில் சொல்வது பெரும்பாலும் வாட்ச்மேன்தான். “அண்ணாச்சி, ஆறாம் நம்பர் காத்தாடி ராத்திரியெல்லாம் விசிலடிக்கு” என்று போன் வந்தால் அலட்சியம் செய்யாதீர்கள். இரவெல்லாம் அதன் கீழே படுத்திருக்கிறவர் காது எந்த சென்சாரையும் விடக் கூர்மை.

ஓட்டத்தில் டிப் முழுசாக உள்ளே உட்காராமல் கொஞ்சம் வெளியே ஊர்ந்திருந்தால், இறக்கைக்கும் டிப்புக்கும் நடுவே விழும் இடுக்கில் காற்று நுழைந்து விசில் அடிக்கும். உற்பத்தியும் குறையும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு விசில் என்றால் ஒரு டிப். தொடர்ச்சியாக என்றால் மூன்றும். ஒரு டிப் என்றால் அந்த இறக்கையில் டிப்பை உள்ளே இழுக்கும் ஒயர் ரோப் நீண்டிருக்கும் அல்லது அதன் சிலிண்டர் சீல் கசியும். மூன்றும் என்றால் பொதுவான அழுத்தமே குறைவு.

அழுத்தம் எங்கே போகிறது? பம்ப் எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை ஓடுகிறது என்று குறியுங்கள். அடிக்கடி ஓடினால் இரண்டு வாய்ப்பு: எங்கேயோ கசிவு, அல்லது அக்யுமுலேட்டரில் நைட்ரஜன் இறங்கிவிட்டது. இதைப் பிரித்தறிய எளிய வழி உண்டு. மிஷினை நிறுத்தி, பம்ப்பை ஆஃப் செய்து, வடிகால் வால்வை மிக மெல்லத் திறந்து கேஜின் முள்ளைக் கண் எடுக்காமல் பாருங்கள். முள் நிதானமாக இறங்கிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் சடாரென்று பூஜ்யத்துக்கு விழும். விழுந்த அந்த எண்தான் உள்ளே இருக்கும் நைட்ரஜனின் அழுத்தம். மேனுவலில் உள்ள எண்ணைவிட வெகுவாகக் குறைவாக இருந்தால் கேஸ் நிரப்ப வேண்டும். நைட்ரஜன் மட்டும்தான், ஆக்சிஜனோ சாதாரணக் காற்றோ எண்ணெய் அழுத்தத்தோடு சேர்ந்தால் வெடிக்கும்.

நைட்ரஜன் சரி என்றால் கசிவு. சுற்றும் பக்கத்துக்கும் நிற்கும் பக்கத்துக்கும் எண்ணெய் கடத்துகிற ரோட்டரி யூனியனைத்தான் முதலில் பாருங்கள். அதன் கீழே நாசெல் (டவர் உச்சியில் உள்ள இயந்திர அறை) தரையில் புது எண்ணெய்க் கோடு தெரியும்.

இதற்கு ஒரு குறுக்குவழி எல்லோருக்கும் தெரியும்: பிரஷர் ஸ்விட்ச் செட்டிங்கை ஏற்றிவிடுவது. விசில் நின்றுவிடும். ஆனால் டிப்பை இன்னும் பலமாக உள்ளே பிடித்துவைக்கிறோம் என்பதே அதன் பொருள். அவசரத்தில் வெளியே வர வேண்டியதை அதிக அழுத்தத்தில் பூட்டிவைப்பது கோளாறு நீக்குவது ஆகாது.

ஒரு டிப் மட்டும் வரவில்லை அல்லது தாமதமாக வருகிறது

நிறுத்தும்போது டவர் ஒரு பக்கமாகக் குலுங்கும். வைப்ரேஷன் ஃபால்ட் கூடவே வரும். லேசான காற்றில் மிஷினை ஓடவிட்டு, ரோட்டார் சுற்றும் தளத்துக்கு நேராக நிற்காமல் காற்று வரும் பக்கமாகத் தள்ளி நின்று, ஒருவர் பேனலில் ஸ்டாப் கொடுக்க மற்றவர் போன் கேமராவில் மெதுவேகப் பதிவு எடுத்தால் போதும். எது பின்தங்குகிறது என்று தெளிவாகத் தெரியும்.

காரணங்களில் ஒயர் ரோப் முக்கியம். கப்பியின் மேல் வளைகிற இடத்தில் ஒவ்வொரு இழையாக அறும். கையுறையோடு துணியை அதன் மேல் ஓட்டுங்கள். துணி மாட்டினால் இழை அறுந்திருக்கிறது, ரோப்பை மாற்றுங்கள். அறுந்த ரோப் டிப்பை வெளியே விடும், அது பரவாயில்லை. பாதி அறுந்து சுருண்டு கப்பியில் சிக்கிய ரோப் டிப்பை விடாது, அதுதான் பயம். சீசன் இல்லாத மாதங்களில் நின்றிருந்த மிஷினில் குளவிக் கூட்டையும் பாருங்கள். டிப் இடுக்கில் மண் கூடு கட்டியிருக்கும். மே மாதம் முதல் காற்றுக்கு முன்பு மூன்று டிப்பையும் நாலைந்து முறை விட்டு இழுத்துப் பார்த்துவிட வேண்டும்.

இரண்டு டிப் வருகிறதே, ஓட்டலாமா என்று கேட்பார்கள். கூடாது.

ஃபால்ட் காட்டாமலே டிப் வெளியே வந்து நிற்கிறது: வெடிதகடு போனது

சில மிஷின்களில் ஹப்பின் ஹைட்ராலிக் பாதையில் மெல்லிய தகடு ஒன்று உண்டு. வேகம் ஏறினால் டிப்பின் இழுப்பு ஏறும். இழுப்பு ஏறினால் சிலிண்டருக்குள் எண்ணெய் அழுத்தம் ஏறும். அளவு மீறினால் தகடு வெடித்து எண்ணெயை விட்டுவிடும், டிப் வெளியே வரும். கம்ப்யூட்டர், சென்சார், கரண்ட் எதுவும் வேண்டாம். எல்லாமே கைவிட்ட பிறகும் வேலை செய்யும் ஒரே ஏற்பாடு இதுதான்.

ஆகவே தகடு போயிருந்தால் இரண்டே காரணம். ஒன்று, நிஜமாகவே வேகம் மீறியது. அதற்கு முன்பு திறக்க வேண்டிய வால்வு திறக்கவில்லை. பதிவில் உச்ச ஆர்பிஎம் பாருங்கள், அந்த வால்வைக் கண்டுபிடியுங்கள். மற்றொன்று, தகடு வருடக்கணக்கில் அழுத்தம் ஏறி இறங்கித் தளர்ந்து தானாகப் போனது. உச்ச வேகம் இயல்பாக இருந்தால் இது. இரண்டிலும் தயாரிப்பாளர் குறித்த அதே எண்ணுள்ள தகடுதான் போட வேண்டும். கிடைக்கவில்லை, சீசன் போகிறது என்று கனமான தகடோ, வெட்டிய ஷிம்மோ போட்டு ஓட்டுவதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது. அந்த மிஷினுக்குக் கீழே ஆடு மேய்க்கிறவர்களும், பக்கத்து ரோட்டில் பஸ்ஸும் போகிறார்கள்.

பிரேக் வாடை, நீலம் பாய்ந்த டிஸ்க்

சாதாரண ஸ்டாப்பில் முதலில் டிப் வர வேண்டும், ரோட்டார் தளர வேண்டும், கடைசியில் டிஸ்க் பிரேக் பிடிக்க வேண்டும். டிஸ்க் நீலம் பாய்ந்து, வட்டத்தில் முடி போல வெடிப்பு தெரிந்தால், அது முழு வேகத்தில் பிடித்திருக்கிறது என்று பொருள். டிப் தாமதமா, நேர வரிசை மாறியிருக்கிறதா என்று மேலே சொன்ன வழியில் தேடுங்கள். டிஸ்க்கை மட்டும் மாற்றினால் அடுத்தது கியர் பல்.

கியர்பாக்ஸ் சீலிலிருந்து டிஸ்க் மேல் எண்ணெய் தெளித்திருந்தால் பிரேக் வழுக்கும், சூடேறும், பொறி பறக்கும். கீழே எண்ணெய்த் துணி கிடந்தால் நாசெலே எரியும். காற்றாலைத் தீ விபத்துகளில் இந்தக் கூட்டணிக்குப் பங்குண்டு. எண்ணெய் பட்ட பேடைப் பெட்ரோலில் கழுவித் திரும்ப மாட்டாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

உற்பத்தி அளவுக்கு மேல் ஏறுகிறது

250 கிலோவாட் மிஷின் 285 காட்டுகிறது, ஜெனரேட்டர் சூடாகி நிற்கிறது. வேகம் சரியாக இருக்கிறது, ஆனால் ஸ்டால் பிடிக்கவில்லை. இறக்கை மாற்றிய பிறகு வந்த கோளாறு என்றால் வேரின் கோணக் குறியைப் பாருங்கள். ஒரு டிகிரி பிசகினாலே உச்ச உற்பத்தி மாறும். மூன்றில் ஒன்று மட்டும் பிசகியிருந்தால் கூடவே அதிர்வும் இருக்கும். மழைக்குப் பிந்தைய குளிர்ந்த காலையில் மட்டும் வந்தால் காற்றின் அடர்த்தி. 15 டிகிரிக் காற்றோடு பார்த்தால் 32 டிகிரிக் காற்று சுமார் 6 சதவீதம் லேசு. லைன் அலைவரிசையும் ஒரு காலத்தில் இதில் விளையாடியது. வேகம் 2 சதவீதம் கூடினால் ஸ்டால் அனுமதிக்கும் உச்ச உற்பத்தி சுமார் 6 சதவீதம் கூடும். இப்போது அலைவரிசை 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸுக்குள் கட்டுப்படுத்தப்படுவதால் அதைக் காரணம் சொல்ல வழியில்லை.

எதிர்ப்பக்கம், பலத்த காற்றிலும் 180-க்கு மேல் ஏறவில்லை என்றால் இறக்கை அழுக்கு. முன்விளிம்பில் பூச்சியும் தூசியும் அப்பினால் ஸ்டால் சீக்கிரமே வந்துவிடும். நல்ல மழைக்குப் பிறகு உற்பத்தி தானாக மீண்டால் அதுவே சாட்சி. மீளாவிட்டால் முன்விளிம்பு அரித்திருக்கிறது.

நிற்கவே இல்லை, வேகம் ஏறிக்கொண்டே போகிறது

இதில் கோளாறு தேடும் வேலை கிடையாது. டவருக்குள் நுழையாதீர்கள். பேனலில் ஏதாவது செய்து பார்க்கலாம் என்று ஒருவரும் உள்ளே போகக் கூடாது. 2008 பிப்ரவரியில் டென்மார்க்கின் ஹார்ன்ஸ்லெட்டில் பிரேக் பிடிக்காமல் ஓடிய காற்றாலையில் இறக்கை உடைந்து டவரை வெட்ட, டவரே மடிந்து விழுந்தது. அந்தக் காணொளியை உங்கள் குழுவுக்கு ஒரு முறையாவது போட்டுக் காட்டுங்கள். காற்று வரும் பக்கமாக, ரோட்டார் சுற்றும் தளத்துக்கு நேர்க்கோட்டில் வராமல், பல நூறு மீட்டர் விலகுங்கள். ரோட்டை இரண்டு பக்கமும் மறியுங்கள். போலீசுக்கும் தீயணைப்புக்கும் சப்ஸ்டேஷனுக்கும் சொல்லுங்கள். ரிமோட்டில் நாசெலைத் திருப்பும் யா மோட்டாரை ஓட்டி ரோட்டாரைக் காற்றுக்குப் பக்கவாட்டில் திருப்பும் வசதி இருந்தால் தூரத்திலிருந்தே முயலலாம். மற்றபடி காற்று தணியும்வரை காத்திருப்பதுதான் வேலை.

சரிசெய்த பிறகு சோதனை

கோளாறு நீங்கியதா என்று அடுத்த பீடர் ட்ரிப்பில் தெரிந்துகொள்வது முறையில்லை. காற்று லேசாக இருக்கும் காலையில், கன்ட்ரோலரில் ஓவர்ஸ்பீட் எல்லையை 1500-க்குக் கீழே, 1300 என்று இறக்கி வையுங்கள். மிஷினை லைனில் சேராமல் சுற்றவிடுங்கள். 1300-ஐத் தொட்டதும் மூன்று டிப்பும் வெளியே வர வேண்டும்; டிஸ்க் அதன் முறைப்படி பிடிக்க வேண்டும்; பதிவில் ஓவர்ஸ்பீட் என்று விழ வேண்டும். மூன்றும் நடந்தால் ஒரு முறை எமர்ஜென்சி பட்டனையும் அழுத்திப் பாருங்கள். ரோட்டார் சென்சார் வழியாகத் தனியாகவும், ஜெனரேட்டர் சென்சார் வழியாகத் தனியாகவும் சோதித்தால்தான் சோதனை முழுமை.

முடிந்ததும் எல்லையைப் பழைய எண்ணுக்குத் திருப்புங்கள். திருப்பியவர் ஒருவர், திரையில் அந்த எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர் இன்னொருவராக இருக்கட்டும். ஆர்பிஎம் நோட்டின் அதே பக்கத்தில் அன்றைய தேதியோடு எழுதிவிட்டால், அடுத்து பீடர் விழும்போது ஒப்பிடுவதற்கு முதல் வரி தயார்.